மங்கிப்போன ரிம் மீண்டும் மின்னுமா?



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் பாட்டி குத்துவிளக்கை எடுத்து வாசலில் வைத்துவிடுவார். ஊறவைத்த புளியைக் கையில் எடுத்து அடி முதல் நுனி வரை தேய்ப்பார். கறுத்துக் கிடந்த பித்தளை சில நிமிடங்களில் புதிது போல் ஆகிவிடும். நான் படிவம் நான்கில் படித்த ஆண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் ஒரு யோசனை தோன்றியது.

வீட்டின் பின்புறம் சித்தப்பாவின் இரண்டு லாரி ரிம்கள் கிடந்தன. ஒரு காலத்தில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்த அலுமினிய ரிம்கள் அவை. இரண்டு ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறமாகி, ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் பூத்திருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ள ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தைச் சித்தப்பா தீபாவளிச் செலவுக்கென்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். நாங்களே சுத்தம் செய்து வைத்தால் இன்னும் நல்ல விலை கிடைக்குமே என்று நினைத்தோம்.

புளி போட்டுத் தேய்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, அடுப்பில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவத்தை எடுத்து வந்து ஒரு ரிம் முழுவதும் ஊற்றினோம். நுரை பொங்கியது. “அழுக்கு கிளம்புது பார்!” என்று மகிழ்ந்தோம். கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றினால், ரிம் பழைய சாம்பல் நிறத்தைவிட மோசமாகக் கருமையாகி, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. வாங்க வந்தவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சித்தப்பா திட்டவில்லை. “அடுப்புக்குப் போடுறத ரிம்முக்குப் போடலாமாடா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கான விடைதான் இன்றைய பாடம். விளக்கை மின்ன வைத்த முறை ரிம்முக்கு ஏன் உதவவில்லை? பொங்கிய நுரை எது? பாழான ரிம்மைத் திரும்ப மின்ன வைக்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத கவசம்

உலோகங்களின் வினைத்திறன் வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அடுத்து அலுமினியம். துத்தநாகமும் இரும்பும் அதற்குக் கீழேதான் உள்ளன. அப்படியென்றால் அலுமினியம் இரும்பைவிட வேகமாகக் கெட்டுப்போக வேண்டுமே? ஆனால் இரும்புக் கதவு துருப்பிடித்து உதிரும்போது அலுமினிய ஜன்னல் சட்டம் பல ஆண்டுகள் அப்படியே நிற்கிறது. காரணம் என்ன?

அலுமினியத்தைக் கீறிய உடனேயே புதிதாக வெளிப்பட்ட பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினியம் ஆக்சைடாக மாறுகிறது. இந்தப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்கள்தான். 4 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தலைமுடியின் தடிமனில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது இடைவெளி இல்லாமல் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனும் நீரும் உள்ளே போகாதபடி தடுத்துவிடுகிறது.

இரும்பின் துரு ஏன் இப்படிக் காப்பதில்லை? 1923இல் பில்லிங், பெட்வர்த் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். உலோகம் ஆக்சைடாக மாறும்போது அதன் கன அளவு எத்தனை மடங்காகிறது என்று பாருங்கள் என்றார்கள். அலுமினியத்துக்கு அது சுமார் 1.28 மடங்கு. எனவே படலம் உலோகத்தின் மேல் இறுக்கமாகப் பொருந்திக்கொள்கிறது. இரும்பு துருவாகும்போது கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. இடம் போதாமல் துரு உப்பி, வெடித்து, செதில் செதிலாக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிவிடுகிறது.

ஆகவே ரிம்மைப் பாதுகாப்பது நாம் தடவும் பாலிஷ் மட்டுமன்று. முதல் காவலன் அதன் மேல் தானாகவே உருவாகும் இந்த ஆக்சைடு படலம்தான். ரிம்மைச் சுத்தம் செய்யும் முன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்தத் திரவம் அந்தப் படலத்தை என்ன செய்யும்?” என்பதே.

விளக்குக்கு ஆகும், ரிம்முக்கு ஆகாது

பித்தளையில் பெரும்பங்கு செம்பு. செம்பு, வினைத்திறன் வரிசையில் ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் மேலே படிந்த கறுப்பு ஆக்சைடைக் கரைக்கிறது. அடியிலுள்ள செம்போ அந்த மென்மையான அமிலத்தோடு எளிதில் வினை புரிவதில்லை. கறை போய்விடும், உலோகம் நிற்கும். பாட்டியின் முறை வெற்றி பெறுவது இதனால்தான்.

அலுமினியத்தின் கதை வேறு. அதன் ஆக்சைடு, அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். இரண்டோடும் வினை புரியும் இத்தகைய ஆக்சைடை ஈரியல்பு ஆக்சைடு என்கிறோம். அது நிலையாக இருக்கும் எல்லை பொதுவாக பிஎச் 4 முதல் 8.5 வரை. அந்த எல்லைக்குள் இருக்கும் வரை கவசம் நிற்கும். எல்லையைத் தாண்டினால் கவசம் கரையும். கவசம் போன பிறகு வெளிப்படுவது வினைத்திறன் மிகுந்த உலோகம்!

அடுப்புப் பிசுக்கு நீக்கிகள் பலவற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற வலுவான காரம் உள்ளது. நாங்கள் ஊற்றியதும் நடந்தது இதுதான்:

அலுமினியம் + சோடியம் ஹைட்ராக்சைடு + நீர் → சோடியம் அலுமினேட் + ஹைட்ரஜன் வாயு

நாங்கள் அழுக்கு கிளம்புவதாக நினைத்த நுரை, உண்மையில் ஹைட்ரஜன். ரிம்மே கரைந்துகொண்டிருந்தது. கருமை எங்கிருந்து வந்தது? ரிம் தூய அலுமினியத்தால் செய்யப்படுவதில்லை. வலிமைக்காக மக்னீசியம், சிலிக்கன், சிறிதளவு செம்பு முதலியவை சேர்க்கப்படுகின்றன. கொஞ்சம் இரும்பும் கலந்திருக்கும். காரம் அலுமினியத்தைக் கரைத்தபோது, அதில் கரையாத செம்பு, இரும்பு போன்றவை கரிய பொடியாக மேற்பரப்பில் தங்கிவிட்டன.

மங்குவது எதனால்?

நல்ல கவசம் இருந்தும் ரிம் ஏன் மங்குகிறது? நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் வாகனங்களுக்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, உப்பு. கடலோர ஊர்களின் காற்றில் நுண்ணிய உப்புத் துளிகள் கலந்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் ஆக்சைடு படலத்தின் பலவீனமான இடங்களைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. துளைத்த இடத்தில் மட்டும் அரிப்பு ஆழமாக இறங்குகிறது. இதைக் குழி அரிப்பு என்கிறார்கள். மேலே நாம் காணும் வெள்ளைப் புள்ளி, அந்தக் குழியிலிருந்து வெளிவந்த அலுமினிய ஹைட்ராக்சைடு. வெள்ளையைத் துடைத்துவிடலாம். அடியிலுள்ள குழியைத் துடைக்க முடியாது.

இரண்டாவது, பிரேக் தூசு. பிரேக் பிடிக்கும்போது வார்ப்பிரும்பு வட்டும் பிரேக் பேடும் உராய்ந்து, இரும்புத் துகள்கள் சூடாகத் தெறித்து ரிம்மில் பதிகின்றன. இரும்பு, அலுமினியம், இரண்டுக்கும் நடுவே உப்பு கலந்த ஈரம். இந்த அமைப்பைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருக்கிறீர்கள். இது ஒரு குட்டி மின்கலம்! இரண்டில் வினைத்திறன் கூடிய அலுமினியம் எதிர்முனையாகி, எலக்ட்ரான்களை இழந்து அரிபடுகிறது.

மூன்றாவது, கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சில் விழும் கீறல். பல கார் ரிம்களின் மேல் இந்தப் பூச்சு இருக்கும். சாலையோரக் கல்லில் உரசிக் கீறல் விழுந்தால், அதன் வழியே ஈரமும் உப்பும் பூச்சுக்கு அடியில் புகுந்துவிடும். பிறகு புழு ஊர்ந்த தடம் போல வெண்கோடுகள் பூச்சுக்கு அடியில் வளரும். இதற்கு இழை அரிப்பு என்று பெயர். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம்மைப் போன்ற நாடுகளில் அது நன்றாகவே வளரும். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தக் கோடு போகாது. அது இருப்பது பூச்சுக்கு அடியில் அல்லவா?

முதல் படி: எந்த வகை ரிம் என்று கண்டுபிடியுங்கள்

வைத்தியர் முதலில் நாடி பார்ப்பது போல, நாமும் முதலில் மேற்பரப்பைச் சோதிக்க வேண்டும். அலுமினிய ரிம்கள் பொதுவாக மூன்று நிலைகளில் வருகின்றன.

1. பூச்சு எதுவும் இல்லாமல் நேரடியாக மெருகேற்றியவை. அடித்து உருவாக்கிய லாரி, பேருந்து ரிம்கள் பல இந்த வகை. அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் 1948இல் இத்தகைய லாரி ரிம்களை அறிமுகப்படுத்தியது.

2. கிளியர் கோட் பூசியவை. பெரும்பாலான கார் ரிம்கள் இந்த வகை.

3. அனோடைஸ் செய்தவை. மின்சாரத்தின் உதவியால் ஆக்சைடு படலத்தைப் பல மைக்ரோமீட்டர் அளவுக்குத் தடிமனாக்கியவை.

எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணில் படாத ஓர் ஓரத்தைக் கழுவிக் காயவைத்து, வெள்ளைத் துணியில் துளி உலோக பாலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணி கறுத்தால் நீங்கள் உலோகத்தையே தொடுகிறீர்கள், பூச்சு இல்லை. துணி கறுக்கவில்லை என்றால் மேலே பூச்சோ அனோடைஸ் படலமோ இருக்கிறது. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். கழுவிய பரப்பில் இரண்டு முனைகளையும் அழுத்தி வைத்து மின்தடையைப் பாருங்கள். வெறும் அலுமினியம் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கிளியர் கோட்டும் அனோடைஸ் படலமும் கடத்தா.

அனோடைஸ் செய்த ரிம்மை மணல்தாளால் தேய்க்க வேண்டாம். அந்தப் படலத்தை வீட்டில் திரும்ப உருவாக்க முடியாது. கிளியர் கோட் நன்றாக இருந்தால் அதையும் தொட வேண்டாம்; கழுவி மெழுகு பூசினால் போதும். கிளியர் கோட் உரிந்து, அடியில் வெண்கோடுகள் ஓடியிருந்தால் மட்டுமே பூச்சை நீக்கும் வேலை வரும். பூச்சு நீக்கும் வேதிப்பொருள்கள் தோலையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடியவை. அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

இனி வரும் படிகள் பூச்சு இல்லாத, மெருகேற்றிய ரிம்முக்கு உரியவை. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டாம் படி: கழுவுதல்

ரிம் ஆறியிருக்க வேண்டும். நிழலில் வைத்துக் கழுவுங்கள். சூடான உலோகத்தில் வேதிவினை வேகமாக நடக்கும்; திரவம் காய்ந்து கறையும் விழும். முதலில் வெறும் தண்ணீரைப் பாய்ச்சி, தளர்ந்த மண்ணையும் மணலையும் அகற்றுங்கள். இதைச் செய்யாமல் துணி போட்டுத் தேய்த்தால் அந்த மணலே கீறல் போடும். பிறகு நடுநிலை பிஎச் கொண்ட கார் கழுவும் சோப்பு நீரும் மென்மையான பிரஷும் போதும்.

பதிந்துபோன பிரேக் தூசு சோப்புக்கு அசையாது. அதற்கென்று உள்ள சில இரும்பு நீக்கிகளில் அம்மோனியம் தையோகிளைகோலேட் என்ற பொருள் இருக்கிறது. முடிதிருத்தும் நிலையங்களில் முடியைச் சுருட்டப் பயன்படுவதும் இதே பொருள்தான். இது இரும்போடு சேர்ந்து நீரில் கரையும் ஊதா நிறப் பொருளாகிறது. ரிம்மிலிருந்து ஊதா நீர் வழிந்தால் பயப்பட வேண்டாம். இரும்பு கரைந்து வருகிறது என்று பொருள். பூச்சில்லாத அலுமினியத்துக்கு ஏற்றதா என்று புட்டியில் பார்த்துவிட்டே வாங்குங்கள். கையுறை அணியுங்கள். காய விடாமல் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அலுமினியத்தை நொடியில் வெண்மையாக்கும் என்று விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது தோல் வழியாக உள்ளே ஊடுருவி உடலிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்துவிடும். பட்டவுடன் வலிக்காமல் பல மணி நேரம் கழித்தும் வலி தொடங்கலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அந்தப் பெயரைப் புட்டியில் கண்டால் தொடாதீர்கள். கழிவறை கழுவும் அமிலம், அடுப்புப் பிசுக்கு நீக்கி ஆகியவற்றுக்கும் ரிம்மின் அருகில் இடமில்லை.

மூன்றாம் படி: தேய்த்தல்

கழுவிய பிறகும் ரிம் மங்கலாகவே இருக்கும். ஏன்? இங்கே வேதியியல் முடிந்து இயற்பியல் தொடங்குகிறது.

அலுமினியம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். மங்கிய ரிம்மும் ஒளியைத் திருப்பி அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் பரப்பு மேடு பள்ளமாக இருப்பதால் ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு திசையில் சிதறுகிறது. பரப்பு சமமாக இருந்தால் இணையாக வந்த கதிர்கள் இணையாகவே திரும்பும். உங்கள் முகம் தெரியும். ஆகவே பளபளப்பு என்பது மேலே பூசும் ஒன்று அன்று. மேடுகளைக் குறைத்துப் பள்ளத்தோடு சமமாக்கினால் தானாகக் கிடைப்பது அது.

எவ்வளவு சமமாக்க வேண்டும்? நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். மேடு பள்ளங்கள் அதைவிட மிகச் சிறியதாகும்போதுதான் பரப்பு கண்ணாடியாகத் தெரியும். இப்போது மணல்தாளின் எண்களைப் பாருங்கள். ஐரோப்பியத் தரக் குறியீட்டின்படி 400ஆம் எண் தாளிலுள்ள துகளின் சராசரி அளவு சுமார் 35 மைக்ரோமீட்டர். 800ஆம் எண்ணில் சுமார் 22. 1500இல் சுமார் 13. 2000இல் சுமார் 10. எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும்.

வேலையைத் தொடங்கும் எண், ரிம்மின் நிலையைப் பொறுத்தது. வெறும் மங்கல் என்றால் 1000 அல்லது 1500 போதும். வெள்ளைப் புள்ளிகளும் சொரசொரப்பும் இருந்தால் 400இல் தொடங்கி 600, 800, 1000, 1500, 2000 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பதுதான். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 400ஐ இடமிருந்து வலமாகத் தேய்த்திருந்தால், 600ஐ மேலிருந்து கீழாகத் தேயுங்கள். பழைய கீறல் குறுக்கே தெரியும் வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். குறுக்குக் கீறல் ஒன்றும் இல்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

அவசரப்பட்டு 400இலிருந்து 2000க்குத் தாவாதீர்கள். 10 மைக்ரோமீட்டர் துகளால் 35 மைக்ரோமீட்டர் துகள் போட்ட பள்ளத்தை அழிக்க மணிக்கணக்கில் ஆகும். அழியாத பள்ளம் பாலிஷ் போட்ட பிறகு பளிச்சென்று தெரியும். அப்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்தால் தாள் வழுக்கிச் செல்லும், துகள்களும் அடைத்துக்கொள்ளா. இன்னொரு முக்கியக் காரணமும் உண்டு. உலர்ந்த நுண்ணிய அலுமினியத் தூள் எளிதில் தீப்பற்றக்கூடியது. மூச்சு வழியாக உள்ளே போவதும் நல்லதன்று. ஈரமாகத் தேய்த்தால் தூள் காற்றில் பறக்காது.

நான்காம் படி: பாலிஷ்

2000ஆம் எண் முடிந்ததும் ரிம் மென்மையாக இருக்கும், ஆனால் பால் படிந்தது போலத் தெரியும். 10 மைக்ரோமீட்டர் துகள், ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியதல்லவா? மிச்ச வேலையை உலோக பாலிஷ் செய்கிறது. அதில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் இருக்கின்றன. பல பாலிஷ்களில் அந்தத் துகள் எது தெரியுமா? அலுமினியம் ஆக்சைடுதான்! மாணிக்கக் கல்லும் நீலக்கல்லும் இதே ஆக்சைடின் படிக வடிவங்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 9. தூய அலுமினியத்துக்கு 3கூடக் கிடையாது. ஓர் உலோகத்தை அதன் சொந்த ஆக்சைடாலேயே மெருகேற்றுகிறோம்.

சிறிதளவு பாலிஷை மென்மையான துணியில் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டமாகத் தேயுங்கள். துணி கரியைப் போல் கறுக்கும். அது அழுக்கு அன்று; மேற்பரப்பிலிருந்து கழன்ற நுண்ணிய அலுமினியமும் அதன் ஆக்சைடும். மிக நுண்ணிய துகளாகும்போது உலோகம் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் தனக்குள் சிக்கவைத்துக்கொள்வதால் கறுப்பாகத் தெரிகிறது. பாலிஷ் முழுவதும் காய்வதற்குள் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள். மங்கல் மிச்சமிருந்தால் இன்னொரு முறை. துணியைத் திருப்பிக்கொண்டே இருங்கள். தரையில் விழுந்த துணியை மறுபடி எடுக்காதீர்கள்; ஒரு மணல் துகள் போதும், அரை மணி நேர உழைப்பு வீணாகும்.

ஐந்தாம் படி: காப்பு

மெருகேறிய ரிம்மின் மேல் புதிய ஆக்சைடு படலம் உடனே உருவாகிவிடும். அது மிக மெல்லியது, ஒளி ஊடுருவக்கூடியது, பளபளப்பைக் கெடுக்காது. ஆனால் உப்பையும் பிரேக் தூசையும் அது மட்டும் தனியாகத் தாக்குப்பிடிக்காது. அதனால் மேலே ரிம்முக்கான மெழுகு அல்லது சீலண்ட் பூசுகிறோம். தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைக் காணலாம். அது ஓடாமல் பரவத் தொடங்கினால் மீண்டும் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவுவதே மிகச் சிறந்த பராமரிப்பு. கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். உப்பு தங்காத இடத்தில் குழி விழாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

தேய்ப்பது என்றால் உலோகத்தைக் குறைப்பது. இதை மறந்துவிடக் கூடாது. ஆழமான குழி ஒன்றை முழுவதும் அழிக்க வேண்டுமென்றால், அதைச் சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்த்தாக வேண்டும். ரிம் அழகுப் பொருள் மட்டுமன்று. வண்டியின் எடையைத் தாங்குவது அதுதான். எனவே,

• ஆழமான குழிகளை விட்டுவிடுங்கள். தழும்போடு இருக்கும் ரிம் பரவாயில்லை. மெலிந்துபோன ரிம் ஆபத்து.

• ரிம் வண்டியோடு பொருந்தும் உட்புறப் பரப்பு, நட்டுகள் இறுகும் துளைகள், டயர் அமரும் விளிம்பு ஆகியவற்றைத் தேய்க்காதீர்கள்.

• விரிசலோ நெளிவோ தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறையில் காட்டுங்கள். விரிசல் விட்ட ரிம்முக்கு மெருகு தேவையில்லை, மாற்று ரிம்தான் தேவை.

ஒரு ரிம்முக்கு ஏன் இவ்வளவு பாடு?

தாதுவிலிருந்து எடுத்த அலுமினா என்ற பொருளை மின்னாற்பகுத்துத்தான் அலுமினியத்தைப் பெறுகிறார்கள். அமெரிக்காவின் சார்ல்ஸ் ஹாலும் பிரான்சின் பால் எரூவும் 1886இல் தனித்தனியே கண்டுபிடித்த முறை இன்றும் தொடர்கிறது. ஒரு கிலோ அலுமினியம் பெற இந்த முறைக்குச் சுமார் 14 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். 20 கிலோ எடையுள்ள ஒரு லாரி ரிம்முக்கான உலோகத்தை இப்படி எடுத்தால் 280 கிலோவாட் மணி ஆகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி மறுசுழற்சி செய்தால் அதில் சுமார் 5 விழுக்காட்டு ஆற்றலே போதும். தேய்த்து மெருகேற்றி மீண்டும் பயன்படுத்தினால் உருக்கவே வேண்டியதில்லை.

தாதுவின் விலையையும் நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஒரு டன் அலுமினியத்துக்கு 4 முதல் 5 டன் பாக்சைட் தேவை. குவாந்தான் வட்டாரத்தில் பாக்சைட் அகழ்ந்தபோது சாலைகளும் ஆறுகளும் செம்மண் நிறமானதும், 2016 ஜனவரியில் அரசு அந்தப் பணியைத் தற்காலிகமாக நிறுத்தியதும் நினைவிருக்கலாம். இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ரிம் என்ன ஆனது? பள்ளி விடுமுறையில் மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து, 400இலிருந்து ஒவ்வோர் எண்ணாகத் தேய்த்தோம். முதல் வாரம் 800க்கு அவசரமாகத் தாவி, கீறல்கள் தெரிந்து, மறுபடியும் 400க்குத் திரும்பினோம். கடைசியில் சித்தப்பா குனிந்து ரிம்மைப் பார்த்தார். அவர் முகம் தெரிந்தது. காற்று அடைக்கும் துளையின் அருகே நான்கைந்து குழிகள் மட்டும் மிஞ்சின. “இது இருக்கட்டும், இதுக்கு மேல தேய்க்காதே” என்றார். தீபாவளி முடிந்து இரண்டு மாதம் கழித்து இரண்டு ரிம்களும் விற்றன. எதிர்பார்த்த விலையைவிடச் சற்றுக் குறைவுதான். அந்தக் குழிகளை வாங்குபவரிடம் முதலிலேயே காட்டும்படி எங்களிடம் சொன்னவரும் சித்தப்பாதான்.

செய்து பாருங்கள்

தேவையானவை: மூன்று கண்ணாடிக் குவளைகள், சமையல் அலுமினியத் தாள், உப்பு, சிறிய செம்புக் கம்பித் துண்டு, சலவை சோடா.

அ. முதல் குவளையில் தண்ணீரும் ஒரு துண்டு அலுமினியத் தாளும் போடுங்கள்.

ஆ. இரண்டாவதில் இரண்டு தேக்கரண்டி உப்பு கரைத்த தண்ணீர். செம்புக் கம்பியை அலுமினியத் தாளால் இறுகச் சுற்றிப் போடுங்கள்.

இ. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி சலவை சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு துண்டு அலுமினியத் தாளும் போடுங்கள்.

குவளைகளை மூடாமல், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். சலவை சோடாவைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். முதல் ஒரு மணி நேரம் குமிழிகளைக் கவனியுங்கள். மூன்று நாள் கழித்துத் தாள்களைக் கழுவி, விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். எதில் ஊசித் துளைகள் தெரிகின்றன?

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. குவளை ‘இ’யில் வந்த குமிழி எந்த வாயு? குவளைகளை ஏன் மூடக் கூடாது?

2. குவளை ‘ஆ’வில் செம்புக்குப் பதில் மக்னீசியத் துண்டைச் சுற்றியிருந்தால் அரிபடுவது எது? வினைத்திறன் வரிசையைக் கொண்டு விளக்குக.

3. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை இரவு முழுவதும் வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். இன்று படித்ததைக் கொண்டு அதற்கு அறிவியல் காரணம் கூறுக.

4. ஒரு ரிம்மை 400, 800, 2000 ஆகிய மூன்று தாள்களால் மட்டும் தேய்த்தார் ஒருவர். பாலிஷ் போட்ட பின் கோடுகள் தெரிந்தன. அவர் எந்தப் படியில் தவறினார்? எந்த எண்ணிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்?